நாரையின் வெந்நீர்

ஜப்பானில் வெந்நீர் ஊற்று விடுதிக்கு டோக்கியோவுக்கு அருகிலுள்ள ஹகோனே போதும், டோக்கியோவிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று பயணக் கட்டுரையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் இரவாவது தங்காமல் அந்த விடுதிகளை எப்படி அறிவது?

வடக்கே அகிதா மாநிலத்துக்குப் போய்ப் பாருங்கள். தசவாகோ நிலையம் வரை ஷின்கான்சென் அதிவேக ரயில், பிறகு மலைப் பஸ். நியூதோ மலைச்சரிவில் உள்ள ஏழு விடுதிகளில் மிகப் பழையது ட்சுருனோயு. அடிபட்ட நாரை ஒன்று அந்த நீரில் நின்று காயத்தை ஆற்றிக்கொண்டதை வேடன் ஒருவன் பார்த்தானாம். ‘நாரையின் வெந்நீர்’ என்பதுதான் பெயரின் பொருள். 1638இல் அகிதாவின் பிரபு சதாகே யோஷிதகா இங்கே நீராட வந்தபோது காவல் வீரர்கள் தங்கிய இடம் இன்றும் ‘ஹொன்ஜின்’ என்ற பெயரில் கூரை வேய்ந்த நீண்ட வீடாக நிற்கிறது.

நான் போனது பனிக்காலத்தில். திறந்தவெளிக் குளத்தில் நீர் பால்போல் வெளுத்திருந்தது. கூழாங்கற்களுக்கு அடியிலிருந்து சூடு குமிழியிட்டு வந்து உள்ளங்காலைத் தொட்டது. தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. அந்த அரை மணி நேரத்தை இன்னும் மறக்கவில்லை. இரவில், அறை நடுவே இருந்த இரோரி அடுப்பைச் சுற்றி, குச்சியில் குத்திச் சுட்ட ஆற்று மீனும், மலைக்கிழங்கு உருண்டைகள் மிதக்கும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) குழம்பும்.

குளத்தில் இறங்குமுன் உடம்பை நன்றாகக் கழுவிவிடுங்கள், துண்டை நீரில் நனைக்காதீர்கள். வெள்ளி நகைகளையும் கழற்றிவிடுங்கள், கந்தகத்தில் கறுத்துவிடும்.