விட்டத்தை ஓரமாக அளந்த பையன்

போன வாரம் ஒரு ரீல்ஸ் கண்ணில் பட்டது. ஏழாம் வாய்ப்பாட்டைக் குத்துப்பாட்டு மெட்டில் பாடி ஓர் ஆசிரியர் ஆடுகிறார், பின்னால் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். கமெண்ட் முழுக்க "எங்களுக்கு இப்படி ஒரு வாத்தியார் கிடைக்கலையே" என்ற ஏக்கம்தான். எனக்கு ஆட்டத்தின் மேல் கோபமில்லை. ஒண்ணாம் வகுப்பை ஆட்டம் பாட்டு இல்லாமல் யாராலும் ஓட்ட முடியாது. ஆனால் அந்த ரெண்டு நிமிஷத்தில் பிள்ளைகள் யோசிக்க என்ன இருந்தது? சுவாரஸ்யமான வகுப்பு என்றாலே வாத்தியாரை நடிகராக்கிவிடுகிறோம்.

நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுக்கிறவள் நான். என் கட்சி ஒன்றுதான். விடையைச் சொல்வதற்கு முன்னால் பிள்ளைகளை ஊகிக்க விடுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு ஆரஞ்சும் எடுத்துப் போய், "மிதக்குமா, மூழ்குமா? கை தூக்குங்க" என்று கேட்டுப் பாருங்கள். மிதக்கும். "தோலை உரிச்சா?" எடை குறைகிறதே, இன்னும் நன்றாக மிதக்கும் என்றுதான் முக்கால்வாசி கை எழும். உரித்துப் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். தோலுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி அதற்கப்புறம் நான் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஏனென்றால் தோற்றது அவர்கள் கட்சி.

ஏழாம் வகுப்பில் அளவைகள் பாடம். முதல் பத்து வருஷம் பை என்றால் 22/7, சுற்றளவு என்றால் 2πr என்று எழுதிப் போட்டு கணக்கைப் போடச் சொல்லிவிடுவேன். இப்போது முந்தின நாளே "வீட்ல வட்டமா என்ன இருந்தாலும் கொண்டு வாங்க" என்பேன். வளையல், டிபன் பாக்ஸ் மூடி, பவுடர் டப்பா, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் வரும். ஒருவன் சைக்கிள் ரிம்மையே உருட்டிக்கொண்டு வந்தான். ஆளுக்குக் கொஞ்சம் நூல். சுற்றளவை அளந்து விட்டத்தால் வகுத்து கரும்பலகையில் எழுத வேண்டும். 3.1, 3.2, 3.13 என்று வரிசையாக விழுகிறபோது வகுப்பு மெல்ல அமைதியாகும் பாருங்கள், அதற்காகவே இந்தப் பாடத்துக்குக் காத்திருப்பேன். வளையலுக்கும் ரிம்முக்கும் எப்படி ஒரே எண் வரும்?

ஒரு வருஷம் ஒரு பையனுக்கு மட்டும் 3.52 வந்தது. மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பழைய நானாக இருந்தால் "தப்பு, அழி" என்றிருப்பேன். அன்றைக்கு என்னவோ, "எப்படி அளந்த, காட்டு" என்றேன். தட்டின் சுற்றளவு 88 சென்டிமீட்டர், அது சரி. விட்டம் 25 என்று எழுதியிருந்தான். ஸ்கேலை நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வைத்திருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே ஸ்கேலை மேலும் கீழும் நகர்த்தினான். 26, 27, 28. அதற்கு மேல் போகவில்லை, மறுபடி இறங்கியது. "டீச்சர், இருக்கறதுலயே பெரிய கோடுதான் விட்டம்!" என்று கத்தினான். வட்டத்தின் மிகப்பெரிய நாண் விட்டம். எத்தனை வருஷமாக அந்த வரியை அடிக்கோடு போட வைத்திருக்கிறேன்!

இதெல்லாம் புதுசு என்று நான் சொல்ல வரவில்லை. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக்கி, பிள்ளைகள் அவரவர் வேகத்தில் ஏணிப்படி மாதிரி ஏறிப் போகும் முறை ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலிப் பள்ளியில் உருவானது. அதைப் பார்த்துத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளைகள் உயரத்துக்குக் கீழே இறங்கி வந்த கரும்பலகையும், அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்ட கம்பிப் பந்தலும் அப்போது பெரிய விஷயம். நான் பார்த்த இடங்களில் போகப்போக அட்டை எண்ணைக் குறிப்பதே வேலையாகிப் போனது. இப்போது தொடக்க வகுப்புகளுக்கு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்திருக்கிறது. பிள்ளைகளை அவர்கள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருவது நல்ல யோசனைதான். எந்த முறை வந்தாலும் பிள்ளை வாயைத் திறந்து தப்பாகச் சொல்ல அதில் இடம் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

"நாற்பது பிள்ளை, நாற்பது நிமிஷம், போர்ஷன் யார் முடிப்பது?" என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயம்தான். பாதி நாள் ஆன்லைன் பதிவேற்றத்திலேயே போகிறது. தினமும் நூலும் வாளியும் என்னாலும் முடியாது. ஊகிக்கச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும், அது முடிகிறது. என்னை நிஜமாகவே பயமுறுத்துவது சத்தம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், தலைமை ஆசிரியர் வராண்டாவில் நின்று தொண்டையைச் செருமுவார். அமைதியாக இருந்தால்தான் நல்ல வகுப்பு என்ற நம்பிக்கை நம் ஊரில் சாமி நம்பிக்கை மாதிரி.

வட்டப் பாடம் முடிந்த அன்று கடைசி பெஞ்ச் பிள்ளை ஒன்று கேட்டது, "டீச்சர், முட்டைக்கு பை உண்டா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "தெரியலயே, நாளைக்கு அளந்துருவோம்" என்றேன். மறுநாள் சத்துணவு முட்டையை உரிக்கிறதுக்கு முன்னால் எல்லார் தட்டிலும் நூல். இடுப்பில் சுற்றி அளந்தவர்களுக்கு 3.1 பக்கம் வந்தது. நெட்டுவாக்கில் அளந்தவர்களுக்கு மூன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. இது எப்படி என்று அங்கேயே பெரிய சண்டை. ஆயாம்மா வந்து, "முதல்ல தின்னுங்கடா, ஆறிப்போச்சு" என்று அதட்டினார்.