சதவீதம் இருக்கட்டும், அதிகபட்சம் எவ்வளவு?

ராத்திரி ஒன்றரை மணி. விளக்கை அணைத்தாயிற்று, ஃபோன் வெளிச்சம் மட்டும்தான். நான் ஆடும் விளையாட்டில் குலுக்கல் பொத்தானைத் தட்டினால், எந்தக் கதாபாத்திரம் கிடைக்கப்போகிறது என்று காட்டத் திரையில் மேலிருந்து ஓர் ஒளி விழும். நீலமாக இருந்தால் குப்பை, ஊதா என்றால் பரவாயில்லை, பொன்னிறமாக மாறினால்தான் சங்கதி. மாறுகிறதா இல்லையா என்று தெரிய முக்கால் நொடி ஆகும். இந்தத் தொழில் மொத்தமும் அந்த முக்கால் நொடியை வைத்துத்தான் நடக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். 74-ஆவது குலுக்கலில் பொன்னிறம் வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வந்தவன் நான் காத்திருந்த ஆள் இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை வந்து, ஒரு சண்டைக்கும் போகாமல் என் பட்டியலின் கடைசியில் நிற்கும் அதே ஈட்டிக்காரன்.

சரி, போகட்டும் என்று படுத்திருக்கலாம். படுக்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தானே" என்று காசு கட்டி, குலுக்கலுக்குச் செலவாகும் ரத்தினக்கற்கள் வாங்கினேன். மறுபடி வாங்கினேன். எவ்வளவு என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. காலையில் வங்கியிலிருந்து வந்திருந்த நான்கு குறுஞ்செய்திகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான் அந்தத் தொகையையே முதன்முதலாக ஒரே எண்ணாகப் பார்த்தேன். விளையாட்டுக்குள் எங்கேயும் அந்த எண் கிடையாது. இந்தப் பதிவே அதைப் பற்றித்தான். (விளையாட்டின் பெயர் வேண்டாம். இதே மாதிரி நூறு இருக்கிறது.)

பொருள் சேகரிக்கும் இலவச விளையாட்டுகள் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு மாதம் ஒரு பைசா கொடுக்காமல் விளையாடியிருக்கிறேன். அந்த மாதங்களில் அந்த ஓவியர்களுக்கும் இசைக்காரர்களுக்கும் யாரோ ஒருவர் சம்பளம் கொடுத்திருக்கிறார், அது நானில்லை. பெருந்தொகை கொட்டும் ஆட்களுக்கு இந்த வட்டாரத்தில் திமிங்கிலம் என்று பெயர், அவர்கள் தயவில்தான் சின்ன மீன்கள் நீந்துகின்றன. அதிர்ஷ்டம் பார்ப்பதும் பாவமில்லை. மூடிய பொட்டலத்தைப் பிரிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, சின்ன வயதில் அட்டை சேர்த்த எல்லோருக்கும் தெரியும். இந்த வகைக் குலுக்கலுக்கே 'காச்சா' என்று பெயர் வந்தது ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் உருண்டை விழும் பொம்மை இயந்திரத்திலிருந்துதான். திருகும்போது வரும் சத்தம் 'காச்சா'. ஒரு தடவை திருக ஒரு விலை. பிடிக்காத பொம்மை வந்தால் கையிலாவது ஒரு பொம்மை இருக்கும்.

என் குறை வேறு. "நாங்கள்தான் சதவீதத்தைப் போட்டுவிட்டோமே, இனி உன் பாடு" என்று விளையாட்டு நிறுவனங்கள் பேசும் பேச்சு இருக்கிறதே, அதுதான்.

அரிய பொருள் விழும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று போடுவது இன்று ஊரறிந்த விதி. சீனாவில் 2017 மே மாதத்திலிருந்து கட்டாயம். அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோர் விதிகளில் சேர்த்தது, 2019-ல் கூகுள் பிளேயும் சேர்த்தது. இப்போது எந்த விளையாட்டைத் திறந்தாலும் ஒரு மூலையில் 'விவரம்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான் இருக்கும், உள்ளே போனால் 0.6% என்றோ 1% என்றோ நேர்மையாகவே எழுதியிருப்பார்கள். அன்று இரவு நானும் அதைப் படித்துவிட்டுத்தான் தட்டினேன். படித்ததால் என்ன ஆயிற்று?

1% என்றால் நூறு தடவை குலுக்கினால் ஒன்று வந்துவிடும் என்று மனசு தானாகவே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது. நிஜக் கணக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் புதுத் தடவை. நூறு பேர் ஆளுக்கு நூறு முறை குலுக்கினால் ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடு எழுந்திருப்பார்கள். இருநூறு முறை குலுக்கினாலும் 13 பேருக்குக் கிடைக்காது. முந்நூறு முறை போனால்கூட 5 பேர் மிச்சம். ஐந்து பேர்தானே என்று தோன்றலாம், ஒரு லட்சம் பேர் ஆடும் விளையாட்டில் அது 5,000 பேர். அந்த 5,000 பேரில் ஒருவராக இருக்கும்போது சதவீதப் பக்கத்தைத் திறந்து பார்த்து ஆறுதல் அடைய முடியாது. அதில் ஒரு பொய்யும் இருக்காது, அதுதான் எரிச்சலே.

2016 புத்தாண்டு சமயத்தில் இது ஜப்பானில் சந்தி சிரித்தது. கிரான்ப்ளூ ஃபேன்டசி என்ற விளையாட்டில் ஆன்சிரா என்று ஒரு கதாபாத்திரம். ஒருவர் நேரலையில் உட்கார்ந்து குலுக்கிக்கொண்டே போனார், 2,276-ஆவது தடவையில்தான் கிடைத்தது. செலவு ஏழு லட்சம் யென் அளவுக்கு. அந்தக் கலவரத்துக்கு அப்புறம்தான் அங்கே 300 தடவை குலுக்கினால் வேண்டியதை நீயே எடுத்துக்கொள் என்ற உச்சவரம்பைக் கொண்டுவந்தார்கள். ஒரு தடவைக்கு 300 யென் என்று வைத்தால் 90,000 யென். ஒரு படத்துக்கு! மலிவு என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அது ஒரு விலை. பார்க்கலாம், "அடப் போய்யா" என்று சொல்லிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைக்கலாம். 1% என்பதைப் பார்த்து அப்படிச் சொல்ல வராது. அதில் எப்போதும் ஒரு "ஒருவேளை" ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதைவிட விவகாரமான ஒன்று அதற்கும் முன்னால் இருந்தது, 'கம்ப்ளீட் காச்சா' என்று. பத்து அட்டை வரிசை, பத்தையும் சேர்த்தால்தான் பெரிய பரிசு. பத்தும் சம வாய்ப்பு என்றே வைத்துக்கொள்வோம். பத்தையும் சேர்க்க சராசரியாக 29 குலுக்கல் ஆகும். முதல் ஒன்பது 19-ல் வந்துவிடும், கடைசி ஒன்றுக்கு மட்டும் தனியாக 10. ஒன்பது சேர்த்தவன் எழுந்து போவானா? போகமாட்டான். இத்தனைக்கும் சம வாய்ப்பு என்று நான்தான் தாராளமாக வைத்தேன், அந்தப் பத்தில் ஒன்றை அரிதாக்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஜப்பான் அரசின் நுகர்வோர் அமைப்பு 2012-ல் இது சட்டவிரோதம் என்று சொல்லி மூடிவிட்டது. சாதாரணத் தனிக் குலுக்கலை அவர்கள் தொடவில்லை.

இனி அந்த ரத்தினக்கல் கதைக்கு வருகிறேன், எனக்கு ரொம்பக் கோபம் வரும் இடம் இதுதான். காசு நேராகக் குலுக்கலாக மாறாது. காசு ஒரு கல்லாகும், அந்தக் கல் இன்னொரு கல்லாகும், அது ஒரு சீட்டாகும், சீட்டு குலுக்கலாகும். கென்ஷின் இம்பாக்டை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு குலுக்கலுக்கு 160 கல். கடையில் இருக்கும் மிகச் சின்னப் பொதியில் 60 கல், ஒரு குலுக்கலுக்கே காணாது. ஆகப் பெரிய பொதியில் போனஸோடு சேர்த்து 8,080, அதாவது 50 குலுக்கல் போக 80 மிச்சம். எப்போதும் கையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும், எப்போதும் அடுத்ததற்குக் கொஞ்சம் குறையும். அங்கே உச்சவரம்பு உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். 90 குலுக்கலுக்குள் ஒரு ஐந்து நட்சத்திரம் (ஆக அரிய வகை) உறுதி, அது நீங்கள் கேட்டவராக இல்லாவிட்டால் அடுத்த 90-க்குள் அவரே உறுதி. ஆக மோசமாகப் போனால் 180 குலுக்கல், 28,800 கல். ஒன்றுமே சேமிக்காமல் காசிலேயே எடுக்க நினைத்தால் மூன்று பெரிய பொதி போதாது, நான்காவதிலும் கை வைக்க வேண்டும். இந்தக் கணக்கை நான் ஒரு காகிதத்தில் போட்டேன். காகிதத்தில் ஏன் போட வேண்டும்? குலுக்கல் பொத்தானுக்கு மேலே ஒரே வரியில் எழுத இடமில்லையா?

2025 ஜனவரியில் அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி இந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனத்தோடு 2 கோடி டாலருக்கு ஒரு சமரசம் செய்துகொண்டது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் குலுக்கல் விற்கக்கூடாது என்பதுதான் தலைப்புச் செய்தியாக வந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது உள்ளே இருந்த இன்னொரு நிபந்தனை: கல்லாக மாற்றாமல் நேரடியாக நிஜப் பணத்திலேயே வாங்க வழி இருக்க வேண்டும். யாரோ ஒரு அதிகாரியும் ராத்திரி உட்கார்ந்து 160-ஆல் வகுத்துப் பார்த்திருக்கிறார் போல.

சதவீதத்தையாவது நம்பலாமா என்றால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. தென் கொரியாவில் மேப்பிள் ஸ்டோரி விளையாட்டில் 'கியூப்' என்று ஒரு பொருள், காசு கொடுத்து வாங்கி உங்கள் ஆயுதத்தின் குணங்களை மாற்றிப் பார்க்கலாம். நல்ல குணங்கள் வரும் வாய்ப்பைச் சொல்லாமலே குறைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் அதிகம் ஆசைப்பட்ட சில சேர்க்கைகளின் வாய்ப்பு பூஜ்யமாகவே வைக்கப்பட்டிருந்தது. வரவே வராத ஒன்றுக்காக ஆட்கள் வருஷக்கணக்கில் காசு போட்டுக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் நெக்ஸான் நிறுவனத்துக்கு சுமார் 1,160 கோடி வான் அபராதம் விழுந்தது, மார்ச்சில் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது அங்கே சட்டமாகவே ஆகிவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எனக்கு வரவில்லை என்றால் என் அதிர்ஷ்டம் சரியில்லை என்றுதான் நினைப்பேன். உச்சவரம்பு என்று ஒன்று இருந்தால் இந்தத் திருட்டு ஒரே வாரத்தில் பிடிபட்டிருக்கும்: 300 ஆயிற்று, எங்கே என் பொருள்?

அப்போ தடை செய்துவிடலாமே என்பார்கள். பெல்ஜியம் 2018-லேயே இது சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. 2022-ல் ஓர் ஆய்வாளர் அங்கே அதிகம் சம்பாதிக்கும் 100 ஐஃபோன் விளையாட்டுகளை எடுத்துப் பார்த்தபோது 82-ல் குலுக்கல் இருந்தது. அவ்வளவுதான், தடையைப் பற்றி.

நான் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வது ராக்கெட் லீக் விளையாட்டில் நடந்ததை. பூட்டிய பெட்டிகளுக்குச் சாவி விற்றுக்கொண்டிருந்தவர்கள் 2019 டிசம்பரில் பெட்டியையே எடுத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது, அதற்கு என்ன விலை என்று வெளிப்படையாகக் காட்டினார்கள். விலையைப் பார்த்ததும் ஆட்டக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். ஒரு காரின் சக்கரத்துக்கு இவ்வளவா என்று ஒரே சண்டை. சில நாட்களிலேயே நிறுவனம் விலையைக் குறைத்தது. பெட்டி இருந்த காலத்தில் அதே சக்கரத்துக்காக ஆட்கள் சாவிக்குமேல் சாவியாக வாங்கித் திறந்துகொண்டிருந்தார்கள். எத்தனை சாவி ஆயிற்று என்று யாரும் எண்ணவில்லை, "எனக்கு லக் இல்லை" என்று போய்விட்டார்கள். விலை கண்ணில் பட்டால்தான் பேரம் பேச வாய் வரும். அதிர்ஷ்டத்தோடு யார் பேரம் பேச முடியும்?

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு, ஒரு நண்பர் நேரிலேயே சொன்னார். "நேரடி விலை வைத்தால் காசில்லாதவனுக்கு ஒன்றுமே கிடைக்காதுடா, குலுக்கலில் அவனுக்கும் எப்பவாவது ஒன்று விழும்." உண்மைதான். முதல் பத்திலேயே எனக்கு ஒரு முறை விழுந்திருக்கிறது, அன்றைக்கு நான் எந்த நியாயமும் பேசவில்லை, திரையைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினேன். அதனால்தான் குலுக்கலை எடுக்கச் சொல்லவில்லை. ஹார்த்ஸ்டோன் என்ற அட்டை விளையாட்டில் 40 பொட்டலத்துக்குள் ஒரு லெஜண்டரி, அதாவது ஆக அரிய அட்டை நிச்சயம், பிடிக்காத லெஜண்டரியை உடைத்தால் 400 தூள், வேண்டியதைச் செய்ய 1,600 தூள். நாலு கொடுத்து ஒன்று. அநியாய மாற்று விகிதம்தான், ஆனால் எண்ணிப் பார்க்க முடிகிற அநியாயம். இலவசமாகக் கிடைத்ததை வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் அதிர்ஷ்டம் பார்க்கட்டும், காசு உள்ளே வரும்போது மட்டும் "அதிகபட்சம் இவ்வளவு" என்று காசிலேயே எழுதட்டும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படி எழுதினால் ஆட்கள் வாங்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னால், என் வாதத்தை அவரே சொல்லிவிட்டார்.

இன்னொன்று, சின்னதாகத் தெரியும், சின்னதில்லை. ஒரு கதாபாத்திரம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்தான் குலுக்கலில் இருக்கும். அந்தக் காலம் முடியும்போது, உச்சவரம்பை நோக்கி ஏறிய உங்கள் எண்ணிக்கை என்ன ஆகிறது? சில விளையாட்டில் அடுத்ததற்கு அப்படியே போகும். சிலவற்றில் பூஜ்யமாகிவிடும். 290-ல் நின்றவனும் ஒன்றில் நின்றவனும் ஒன்று. இரண்டாவது வகையில் உச்சவரம்பு என்பது பெயருக்குத்தான், அங்கே முழுசாகக் கட்ட முடிந்தவனுக்கு மட்டுமே வரம்பு, மற்றவர்கள் போட்டதெல்லாம் போச்சு. புதிதாக எதையாவது இறக்கினால் கதை, ஓவியம் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் இதைத்தான் தேடிப் படிக்கிறேன் இப்போது.

என் ஈட்டிக்காரன் விளையாட்டில் நல்லவேளையாக எண்ணிக்கை அடுத்ததற்கு அப்படியே போகும். நேற்றுப் பார்த்தேன், 41-ல் நிற்கிறது, நான் கேட்ட ஆள் இன்னும் இரண்டு நாளில் கிளம்பிவிடுவான். மிச்சம் அதிகபட்சம் எவ்வளவு ஆகும் என்று காகிதத்தில் போட்டு, வகுத்து, காசாக்கி, அடியில் கோடு போட்டேன். அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விளையாட்டை மூடினேன். 41 அப்படியே இருக்கிறது.