ரெண்டு வருஷம் முடிஞ்சா ஓனர் வெளிய தள்ளலாமா? இல்லைங்க

மேல ஒரு நண்பர், ஜப்பான்ல டோக்கியோ பக்கத்துல இருக்குற முசாஷி கொசுகி மாதிரி ரீடெவலப்மென்ட் நடக்குற ஏரியால வாடகைக்கு போகாதீங்க, ரெண்டு வருஷ அக்ரிமென்ட் முடிஞ்சதும் இடிக்கப் போறோம்னு சொல்லி பைசா தராம காலி பண்ண வச்சிடுவாங்கன்னு போட்டிருக்காரு. பாதி தப்பு ப்ரோ, அதுவும் பயமுறுத்துற பாதி.

ஜப்பான்ல வாடகை கான்ட்ராக்ட் ரெண்டு வகை. சாதாரணமா போடுறது ஃபுட்சூ ஷக்கா, இதுல ரெண்டு வருஷம் முடிஞ்சாலும் ஓனர் ரின்யூ பண்ண மாட்டேன்னு சும்மா சொல்லிட முடியாது, முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடிலேர்ந்து ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் உள்ள டைம்ல நோட்டீஸ் தரணும், அதோட கோர்ட் ஏத்துக்குற மாதிரி நியாயமான காரணமும் வேணும், கட்டடம் பழசுன்றது மட்டும் பெரும்பாலும் பத்தாது, அதான் காலி பண்றதுக்கு காசு குடுத்து பேசி முடிக்கிறாங்க. தள்ளுறது அவ்ளோ ஈஸின்னா எதுக்குய்யா காசு குடுக்கப் போறாங்க?

நண்பர் சொல்றது ரெண்டாவது வகை, 2000 மார்ச்ல வந்த தெய்கி ஷக்கா, அதாவது காலக்கெடு வச்ச கான்ட்ராக்டுக்குத்தான் பொருந்தும். அது சொன்ன தேதியோட முடிஞ்சிடும், ரின்யூவல் கிடையாது, காசும் எதிர்பார்க்க முடியாது. இடிக்கப் போற பழைய பில்டிங்கை அதுவரைக்கும் இப்படி வாடகைக்கு விடுறது உண்டு, வாடகை கம்மியா இருந்தா இதை முதல்ல செக் பண்ணுங்க. ஆனா ரின்யூவல் இல்லைன்னு கான்ட்ராக்ட் போடுறதுக்கு முன்னாடியே தனி டாக்குமென்ட்ல எழுதி விளக்கணும், அது இல்லைன்னா அந்த கண்டிஷனே செல்லாது. கையெழுத்துக்கு முன்னாடி ஏஜென்ட் படிச்சு காட்டுற டாக்குமென்ட்லயும் எந்த வகைன்னு இருக்கும், தலையாட்டிட்டே உக்காராம நிறுத்தி கேளுங்க.