எக்ஸ்டஸி மாத்திரை: திரும்பப் பெற்ற ஆய்வு எது?

"எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரை மூளையைக் கெடுக்கும் என்ற ஆய்வையே வாபஸ் வாங்கிவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பாதி உண்மை, அதனால்தான் எளிதில் ஏமாற்றுகிறது.

2002-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ரிக்கார்ட்டி குழு, எக்ஸ்டஸியின் மூலப்பொருளான எம்.டி.எம்.ஏ. குரங்குகளின் மூளையில் டோபமைன் (நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள்) சுரக்கும் நரம்புகளைச் சிதைப்பதாக 'சயின்ஸ்' இதழில் எழுதியது. அப்புறம்தான் தெரிந்தது, புட்டிகளின் லேபிள் மாறியிருந்தது. அந்தக் குரங்குகளுக்குப் போனது மெத்தாம்ஃபெட்டமைன் என்ற வேறொரு போதைப்பொருள்! 2003-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

சரி, அது டோபமைன் கதை. செரடோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருள் பற்றிய சான்றுகள் வேறு. அவை இந்தக் கட்டுரையை நம்பி நிற்கவில்லை. அதிக அளவு எம்.டி.எம்.ஏ. செரடோனின் நரம்பு இழைகளைப் பாதிப்பதை 1980-களிலிருந்தே விலங்காய்வுகள் காட்டின. உடல் சூடேறினால் சேதம் கூடும். நெரிசலான அரங்கில் விடிய விடிய ஆடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாத்திரையை அதிகம் எடுத்தவர்களின் மூளையைப் படமெடுத்த பெட் ஸ்கேன்களில், செரடோனினை உறிஞ்சித் திரும்ப எடுக்கும் புரதம் குறைந்திருந்தது. நிறுத்தியவர்களிடம் அது ஓரளவு மீள்கிறது. ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களில் பலர் வேறு போதைப்பொருட்களும் எடுத்தவர்கள் என்பதால் எல்லாப் பழியையும் இதன் மேல் போட முடியாது. ஆனால் "பாதிப்பே இல்லை" என்பது பொய்.