பாடம் பிள்ளைகளுக்கு மட்டும்தானா?

பள்ளிகளில் எச்.ஐ.வி. தடுப்புக் கல்வி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'சமூகப் பங்கேற்பு' என்ற சொல்லும் தவறாமல் உடன்வருகிறது. நடைமுறையில் அதற்கு இரண்டு பொருள்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 அன்று சிவப்பு நாடாவைக் குத்திக்கொண்டு பேரணியில் நடப்பது. மற்றொன்று, வகுப்பில் எதையெல்லாம் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் கூடி முடிவெடுப்பது. இவ்விரண்டிலும் மாற வேண்டியவர்கள் பிள்ளைகள் மட்டுமே. நாம் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்லது காவல் காப்பவர்கள். இந்த ஏற்பாட்டின் அடிப்படையே பிழை என்பது என் கருத்து.

தான்சானியாவின் முவான்சா வட்டாரத்தில் 1990களின் இறுதியில் ஒரு பெரிய முயற்சி தொடங்கப்பட்டது. 20 சமூகங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் பாதியில் பள்ளிப் பாடம், இளையோருக்கு ஏற்ற சுகாதார நிலையச் சேவை, ஆணுறை விநியோகம் ஆகியவற்றைச் சேர்த்து நடத்தி, மீதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாணவர்களின் அறிவு தெளிவாக உயர்ந்தது. நோய்த்தொற்று மட்டும் குறையவில்லை. இந்த முடிவைக் காட்டி 'பாடம் நடத்தியே பயனில்லை' என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அதை வேறுவிதமாகவே படிக்கிறேன். அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பள்ளி விட்டு அவர்கள் திரும்பிச் சென்றது, எதுவும் மாறாமல் இருந்த பெரியவர்களின் உலகத்துக்கு.

இதற்கு வலுச் சேர்ப்பது மேற்குக் கென்யாவில் நடந்த மற்றோர் ஆய்வு. அங்கே அரசுப் பாடத்திட்டம் திருமணம் வரை பாலுறவிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதையே வலியுறுத்தியது. ஆசிரியர்களுக்குத் தனிப்பயிற்சி கொடுத்து அதை நடத்தியபோதும், பாதுகாப்பற்ற உறவுக்கு அடையாளமாக ஆய்வாளர்கள் கணக்கிட்ட பதின்பருவக் கருத்தரிப்பு குறையவில்லை. வேறு சில பள்ளிகளில் சுமார் 40 நிமிட வகுப்பு ஒன்றே ஒன்று நடந்தது. எந்த வயது ஆண்களிடம் எச்.ஐ.வி. எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கணக்கு மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லப்பட்டது; அதாவது, உடன்படிக்கும் பையனைக் காட்டிலும் பரிசு கொடுத்துப் பழகும் நடுவயதுக்காரரால் வரும் ஆபத்தே பெரிது என்று. அப்பள்ளிகளின் மாணவிகளிடையே கருத்தரிப்பு 28 விழுக்காடு குறைந்தது. 2011இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது வியப்பைவிடக் கூச்சம்தான். ஆபத்து பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்து வருகிறது என்றால், பெரியவர்களைத் தவிர்த்துவிட்டுப் பாடம் நடத்துவதை என்னவென்று சொல்வது? பெண்ணிடம் எச்சரிக்கையாக இரு என்று ஓயாமல் சொல்கிற சமூகம், அவளை அணுகுகிற ஆளைத் தெரிந்தும் அவருடைய வசதிக்கும் செல்வாக்குக்கும் அஞ்சி வாய்மூடியிருக்கிறது. அந்த வாயைத் திறப்பதுதான் சமூகத்தின் முதல் பங்கேற்பு. பேரணியைவிட அது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிள்ளைகளைப் பள்ளியில் நீடிக்க வைப்பதும் ஒரு தடுப்புமுறையே. போட்ஸ்வானாவில் 1996இல் கல்வி அமைப்பு மாற்றப்பட்டதால் பலர் கூடுதலாக ஓராண்டு படித்தார்கள், அவர்களிடையே எச்.ஐ.வி. தொற்று குறைந்ததைப் பின்னாளில் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். கட்டணம், சீருடை, போக்குவரத்து இல்லாமல் படிப்பை விடும் நிலையில் இருக்கும் பிள்ளைகள் யார் யார் என்பது எந்த அலுவலகத்தையும்விட அக்கம்பக்கத்தாருக்கே முதலில் தெரியும்.

பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. பாலியல் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற அச்சம் உண்மையான அன்பிலிருந்துதான் பிறக்கிறது. ஆயினும் முறையான பாலியல் கல்வி பாலுறவைச் சீக்கிரமே தொடங்க வைப்பதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பாடப் பக்கங்களை முன்கூட்டியே பெற்றோர் கையில் கொடுத்து, கேள்விகளைக் கேட்க வைத்து, பிறகு வகுப்பு நடத்தினால் எதிர்ப்பின் பெரும்பகுதி கரைந்துவிடும் என நம்புகிறேன். மறைத்து நடத்தும்போதுதான் வதந்தி முந்திக்கொள்கிறது.

இன்னொன்று, தொற்றுடன் வாழும் பிள்ளையும் அதே வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும். 1997இல் தென்னாப்பிரிக்காவின் ஜொகானஸ்பர்க்கில் நிகோசி ஜான்சன் என்ற சிறுவனைப் பள்ளியில் சேர்க்கச் சில பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறவியிலேயே தொற்றுடன் வந்த அந்தச் சிறுவன், 2000இல் தன் 11ஆம் வயதில் டர்பனில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டு மேடையில் ஏறி, எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று உலகத்திடம் கேட்க வேண்டியதாயிற்று. தொடர்ந்து மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்று பரவாது என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. அச்சமூட்டும் சுவரொட்டிகளில் இந்தச் செய்திக்கு இடமிருப்பதில்லை. அவற்றைப் பார்த்து வளரும் பிள்ளை பரிசோதனைக்குப் போகவே அஞ்சுவது இயல்புதானே.

பாடத்தால் மட்டும் தீராத ஓர் அவசரமும் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளைக்குத் தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. வெள்ளிக்கிழமை மாலை நடந்த ஒன்றுக்கு அந்தக் கெடு திங்கட்கிழமை மாலையோடு முடிகிறது. பள்ளி திறப்பதோ திங்கட்கிழமை காலையில்தான். இடைப்பட்ட இரண்டு நாள்களும் அந்தப் பிள்ளை நம் நடுவில்தான் இருக்கிறது.