விடலைச் சேவலும் வீராதி வீரர்களும்

தம்பி ஒருவன் தான் சுட்ட வான்கோழியைப் பற்றி எழுதிப் போட்ட போட்டோவைத்தான் சொல்கிறேன் என்று இங்கே அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்து பென்டன்வில், ராஜர்ஸ் பக்கத்து நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மூன்று நாளாக எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அதுதான் ஓடுகிறது. பார்க்காதவர்கள் பாக்கியவான்கள், தேட வேண்டாம்.

தம்பி (பெயர் வேண்டாம், ஏற்கெனவே போதுமான அளவு துவைத்துக் காயப்போட்டுவிட்டீர்கள்) முதல் தடவையாக வான்கோழி வேட்டைக்குப் போனான். சுட்டான். கிட்டே போய்ப் பார்த்தால் ஜேக். போன கோடையில் பொரித்த விடலைச் சேவல். ஆர்கன்சாவில் 2011இலிருந்து பெரியவர்கள் ஜேக்கைச் சுடக் கூடாது; பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் மட்டும் ஒன்று சுடலாம். இது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மலையிலிருந்து இறங்கி, சிக்னல் கிடைத்த முதல் இடத்தில் வண்டியை நிறுத்தி, வனவிலங்குத் துறை அதிகாரியைத் தானே போனில் கூப்பிட்டான். அவர் வரும்வரை ரோட்டோரம் நின்று பறவையை ஒப்படைத்தான். அன்று ராத்திரி, தப்பு என் மேல்தான், புதிதாக வருபவர்கள் கவனமாக இருங்கள் என்று நாலு வரி எழுதிப் படத்தோடு போட்டான்.

அதற்குக் கிடைத்த பரிசு: பால் புட்டி வாயில் வைத்த வான்கோழி மீம். ‘குஞ்சு கொன்ற சோழன்’ என்ற பட்டம். பள்ளிக்கூடத்து மயில் வான்கோழிப் பாட்டை ஏழு பேர் போட்டிருக்கிறார்கள். தமிழில் அந்த ஒரு பாட்டாவது நினைவிருக்கிறதே, சந்தோஷம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். தப்பை ஒத்துக்கொண்டவனை இப்படி அடித்தால் அடுத்தவன் ஒத்துக்கொள்ள மாட்டான். சருகை அள்ளி மேலே போட்டு மூடிவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவான்.

பார்த்தால் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். வாலை விசிறி மாதிரி விரித்து நின்றால் நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஜேக்குக்கு வால் விசிறியில் நடு இறகுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்; முழுச் சேவலுக்கு விளிம்பு ஒரே சீராக இருக்கும். நெஞ்சில் தொங்கும் தாடி ஜேக்குக்கு நாலைந்து அங்குலம், முழுச் சேவலுக்கு ஒன்பது, பத்து. ஜேக்கின் காலில் முள் இருக்காது, மொக்கு மட்டும்தான். கூவினால் குரல் உடைகிற பையன் மாதிரி பாதியில் நின்றுவிடும். எல்லாம் சரி. ஆனால் அது நமக்காக விசிறியை விரித்துக்கொண்டு நிற்பதில்லையே! சூரியன் உதிக்க அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே சுடலாம். அந்த வெளிச்சத்தில், துளிர்விட்ட புதருக்குப் பின்னால், முப்பது கஜத்தில் ஒரு சிவப்புத் தலை தெரியும். கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அசையாமல் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்திருக்கும், காலருக்குள் உண்ணி ஊரும், நெஞ்சு அடிப்பது அதற்கே கேட்டுவிடுமோ என்றிருக்கும். சோபாவில் படுத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து “தாடி சின்னது ப்ரோ” என்று சொல்ல யாருக்கும் முடியும்.

தம்பிக்கு நடந்தது இதுதான். வந்தவை இரண்டு. முன்னால் முழுச் சேவல், தாடி புல்லில் உரச நடந்து வந்திருக்கிறது. அதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறான். வான்கோழியின் கண்ணெதிரே துப்பாக்கியைத் தூக்க முடியாது, விரல் அசைந்தாலே ஓடிவிடும். அதனால் அது ஒரு ஓக் மரத்துக்குப் பின்னால் போகும்வரை காத்திருந்து தூக்கினான். மரத்தின் மறுபக்கம் ஒரு தலை நீண்டது. சுட்டான். நீண்டது பின்னால் வந்ததன் தலை.

“சந்தேகம் இருந்தால் சுடாதே, அதுதானே முதல் பாடம்” என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், அதுதான் முதல் பாடம். அவனும் அதைத்தான் எழுதியிருக்கிறான். அவன் சொன்னதையே அவனுக்குத் திருப்பிச் சொல்வதற்கு எதற்கு முப்பது கமெண்ட்?

சட்டம் ஏன் என்று எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம். இந்த மாநிலத்தில் 2003 வசந்தத்தில் ஏறக்குறைய 20,000 வான்கோழிகள் வேட்டையாடப்பட்டன. அப்புறம் வந்த வருடங்களில் அது பாதிக்கும் கீழே போனது. மழை பெய்தால் குஞ்சு நனைந்து சாகிறது, தரையில் இடுகிற முட்டையை ரக்கூன் தின்கிறது. இந்த வருடம் விட்டுவைக்கும் ஜேக்தான் அடுத்த வருடம் மலையே அதிரக் கூவப்போகும் இரண்டு வயதுச் சேவல். அதனால் சட்டம் நல்ல சட்டம். அந்தச் சட்டத்துக்கு அவன் கட்டுப்பட்டான். நீங்கள் எந்தக் கோர்ட்டு?

இன்னொன்று. அவன் எச்1பி விசாவில் இருப்பவன். அந்த மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம். வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. போனை எடுக்கும்போது அவன் மனசில் என்ன ஓடியிருக்கும்? உரிமம் போகுமா, விசாவுக்கு ஏதாவது ஆகுமா, ஊரில் அம்மாவுக்கு என்ன சொல்வது. கை நடுங்கியது அண்ணா என்றான். ஆனாலும் கூப்பிட்டான். சிவப்பு சிக்னலில் வலது பக்கம் திரும்பும்போது முழுசாக நிற்காமல் போய்விட்டு, நானே போலீசைக் கூப்பிட்டுச் சொன்னேன் என்பவர் யாராவது இந்தக் குழுக்களில் இருந்தால் கை தூக்குங்கள்.

அப்புறம் நம் ஜீவகாருண்ய சீலர்கள். சைவம் சாப்பிடுபவர்கள் வேட்டையே வேண்டாம் என்றால் அதில் நியாயம் இருக்கிறது, கும்பிடு போட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். ஆனால் “பச்சைப் பிள்ளையைக் கொன்றுவிட்டானே” என்று அழுத பெருமகனை எனக்கு நேரில் தெரியும். போன நன்றி தெரிவித்தல் நாளில் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். மேசை நடுவில் வான்கோழி. பண்ணையில் அதைக் கொன்றபோது ஐந்து மாதம்கூட ஆகியிருக்காது ஐயா. தம்பி சுட்ட ஜேக்குக்குப் பத்து மாதம். வார இறுதியில் நீங்கள் தம் போடுகிற பிரியாணிக் கோழிக்கு வயசு ஆறு, ஏழு வாரம். ஸ்பிரிங்டேல் ரோட்டில் கூண்டு கூண்டாக லாரி போகிறதே, அதில் இருப்பவை எல்லாம் தாத்தா பாட்டிக் கோழிகளா? அதில் ஒன்றுக்காவது நீங்கள் பால் புட்டி மீம் போட்டிருக்கிறீர்களா?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

என் தாத்தா சாத்தூர்ச் சந்தையில் சேவலைக் கையில் வாங்கி, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, காலில் இருக்கும் முள்ளைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி வயசைச் சொல்லிவிடுவார். எனக்கும் பழக்கினார். அதனால்தான் 2015 ஏப்ரலில், ஒசார்க் காட்டில், சுட்ட பறவையின் காலைப் பிடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தாடியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. முள் இருக்க வேண்டிய இடத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மொக்கு.

ஆமாம். நான்தான். ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. அதற்கு முந்தின வருடம் ஒரு விருந்தில், ஜேக்கைச் சுட்டேன் என்று ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்திருந்தேன். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் காட்டில் காதில் கேட்டது. அபராதப் பயம்கூட அப்புறம்தான் வந்தது. சருகை அள்ளிப் போட்டேன். ஒரு பிடி கறிகூட யாருக்கும் போகவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் “இன்றைக்கு ஒன்றும் கூவவில்லை” என்றேன். மேலே சருகு என்று எழுதினேனே, அது சும்மா எழுதியதில்லை. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை இந்த மீம் போட்டவர்கள் சொல்ல வைத்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரர்கள் முன்னால் நம் மானம் போய்விட்டது என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டிருக்கிறார். என் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, பையனாக இருந்தபோதிலிருந்து வேட்டைக்குப் போகிறவர். விஷயத்தைச் சொன்னேன். “தானே போன் பண்ணினானா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த வசந்தத்தில் தன் நிலத்துக்கு அவனைக் கூட்டி வரச் சொன்னார். மானம் எங்கே, யார் முன்னால் போனது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி தம்பி போன் செய்தான். துப்பாக்கியை விற்க வேண்டும், யாராவது வாங்குவார்களா அண்ணா என்றான். ஒன்றும் பதில் சொல்லத் தோன்றவில்லை. மரத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து தலை நீண்டது என்று கேட்டேன்.

“இடது பக்கம். ஏன் அண்ணா?”

எனக்கு வலது பக்கம் என்றேன்.