கருத்துக்கேட்பு என்றால் கேட்க வேண்டியது யார்?

அங்கன்வாடிச் சுவரை ஒட்டிக் கழிவுநீரேற்று நிலையம் கட்டுவது பற்றி வியாழக்கிழமை இணையவழியில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எல்லோரும் படித்திருப்பீர்கள். "பொதுமக்கள் 64 பேர் இணையவழியில் பங்கேற்றனர். ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கப்படவில்லை." அந்த 64 பேரில் நானும் ஒருத்தி. பேச அனுமதி கேட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். எங்கள் மைக்கைத் திறக்கும் வசதி கூட்டத்தை நடத்தியவர்களிடம் மட்டுமே இருந்தது. கடைசி வரை திறக்கவில்லை. பேச விடாமல் வைத்துவிட்டு, பேசவில்லை என்று எழுதுவது பொய். இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கழிவுநீரேற்று நிலையமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கன்வாடிச் சுவரை ஒட்டி வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தோம்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக்கேட்பு எப்படி நடக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கை சொல்கிறது. கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே, வட்டார மொழியில், கூடியிருப்பவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இந்தத் திட்டத்துக்கு அது பொருந்தாது என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்ல வருவீர்கள். தெரியும். அந்த விதியில் இருக்கும் நியாயமும் பொருந்தாதா?

2009-இல் எங்கள் ஊரில் சுதந்திர தினக் கிராமசபை. காலனிக்குக் குழாய் வரவில்லை என்று அத்தை பேசினார். கடைசியில் கிளார்க் தீர்மான நோட்டை நீட்டினார். "நான் சொன்னதை முதலில் எழுது தம்பி" என்று அத்தை நின்றுவிட்டார். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு ஆள் தேவை, அதனால் கிளார்க் எழுதினார். அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அத்தை கைநாட்டு வைத்தார். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத அத்தைக்கு அன்று இருந்த பிடி, பட்டம் வாங்கிய எனக்கு வியாழக்கிழமை இல்லை.

"வீட்டிலிருந்தே கலந்துகொள்ள முடிகிறதே, அதற்கும் குறையா?" என்கிறீர்கள். கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் அது பெரிய உதவி. இணையவழி வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? நேரடிக் கூட்டமும் வேண்டும், இணையவழியும் வேண்டும், இரண்டிலும் பேச விட வேண்டும். "64 பேரும் பேசினால் விடிந்துவிடும்" என்கிறார் ஒருவர். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தலைமுறைக்கும் நிற்கப்போகும் கட்டடத்துக்கு அந்த நேரம்கூடக் கிடையாதா? கூச்சல் போடுவார்களாம். எங்களைக் கூச்சல்காரர்கள் என்று முன்பே முடிவு செய்துவிட்டால் எதற்காக அழைத்தீர்கள்?

எனக்கு ஆறாத விஷயம் வேறு. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் என் மொபைலைக் கொடுத்துப் பேசச் சொன்னேன். மைக் திறந்துவிட்டது என்று நானும் தவறாக நினைத்துவிட்டேன். திரையில் தெரிந்த அதிகாரியை "ஐயா" என்று அழைத்து, பேரன் அந்த அங்கன்வாடியில்தான் சாப்பிடுகிறான், அங்கேயே தூங்குகிறான் என்று மூன்று நிமிடம் போலப் பேசினார். முடித்துவிட்டுத் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரு சொல்கூட அந்தப் பக்கம் போகவில்லை என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. குறிப்பில் அவரும் ஆட்சேபணை இல்லாதவர்.

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் முழுப் பதிவையும் கேட்டிருக்கிறேன். 30 நாளில் பதில் தர வேண்டும். பெரியம்மா சொன்னதை எனக்கு நினைவிருக்கும் வரை அப்படியே எழுதி, ஆட்சேபணை மனுவாகத் திங்கட்கிழமை நேரில் கொடுக்கிறேன். கீழே அவர் கையெழுத்து இருக்கும். வர முடிந்தவர்கள் பத்து மணிக்கு வாருங்கள்.